செஞ்சிக்குப் போகும் முன்

(சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். ஜனவரிப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்களும், கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களும் படிக்க.)



செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். கூடவே ஒரு நிபந்தனை: "கோட்டையைப் பற்றிச் சொல்லுங்கள், ஆனால் எல்லா ராஜாக்களையும் சொல்ல வேண்டாம்." நியாயமான நிபந்தனைதான். செஞ்சியை ஆண்டவர்களின் பட்டியலை முழுதாக வாசித்தால் பின்வரிசை காலியாகிவிடும். ஆகவே ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறேன். கோனார்கள் தொடங்கியதாக மரபு. நாம் இன்று பார்க்கும் கட்டடங்களில் பெரும்பகுதி விஜயநகரத்துக்குக் கீழ் ஆண்ட நாயக்கர்கள் காலத்தது. 1649இல் பீஜப்பூர் சுல்தான், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், பிறகு ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஹைதர் அலி. அதற்குப் பிறகு கோட்டை யாருக்கும் தேவைப்படவில்லை. விரிவாக வேண்டுபவர்கள் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் ஆங்கிலத்தில் எழுதிய செஞ்சி வரலாற்றைத் தேடிப் படிக்கலாம். கனமான புத்தகம், ஆனால் நம்பகமானது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது எல்லோருக்கும் தெரியும். "மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்" என்ற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று இங்கே. நம் வாட்ஸாப் குழுவில் அன்றைக்கே "இது தமிழ்நாட்டுக் கோட்டை, இதற்கு மராட்டியர் பெயரா?" என்று ஒரு சண்டை நடந்தது. மராட்டியர் கையில் அது இருந்தது ஏறக்குறைய இருபது ஆண்டு. அந்த இருபதில் எட்டு ஆண்டு அவுரங்கசீப்பின் படை வெளியே முற்றுகையிட்டு உட்கார்ந்திருந்தது, சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் மராட்டிய அரசின் தலைநகரே செஞ்சிதான். எனவே தலைப்பில் தவறில்லை. ஆனால் அது கதையில் ஓர் அத்தியாயம் மட்டுமே. அதற்குப் பிறகு வந்த, யாரும் அதிகம் பேசாத இன்னோர் அத்தியாயத்தைப் பற்றித்தான் நான் பேச நினைக்கிறேன். வெள்ளைக்காரர்கள் அங்கே இருந்த பத்து ஆண்டு.

தேசிங்கு ராஜனை விட்டுவிட்டேன் என்று கோபிக்க வேண்டாம். ராஜா தேசிங்கு படம் பார்த்து வளர்ந்த தலைமுறை இங்கே பாதிப்பேர். 1714 அக்டோபரில், இருபத்திரண்டு வயதில், நவாபின் படையோடு மோதி இறந்தவர். நீலவேணிக் குதிரையும் நண்பன் மோபத்கானும் அவரோடு போனார்கள் என்று கதைப்பாட்டு. கோட்டையில் எந்தக் காவலாளியைக் கேட்டாலும் அவர் கதையை உங்களுக்குச் சொல்வார். நான் சொல்லப்போவதை அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதலில் ஒரு பீரங்கிக் குண்டு. 1690. ராஜாராம் செஞ்சியில் இருக்கிறார், பணம் வேண்டும். கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் ஒரு சிறு கோட்டை இருக்கிறது. அதை மதராஸிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்கிறார்கள். சுற்றுநிலம் எவ்வளவு? ஒரு பீரங்கியை வெடித்து, குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை. கம்பெனிக்காரர்கள் நல்ல பீரங்கியாகத் தேடிப் பிடித்து நாலு பக்கமும் சுட்டார்கள். அதற்குள் வந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நின்றது. கம்பெனி அந்தக் கோட்டைக்கு செயின்ட் டேவிட் என்று பெயர் வைத்தது. நம்மில் யாராவது மனை வாங்கும்போது சர்வேயர் இப்படி அளந்தால் பத்திர ஆபீசில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த விற்பனைக்கு ஒப்புதல் செஞ்சி தர்பாரிலிருந்து போயிற்று. இந்த மலைக்கும் வெள்ளைக்காரர்களுக்கும் கொடுக்கல் வாங்கல் அந்த நாளிலேயே இருந்தது.

அடுத்து 1750. ஆற்காட்டு நவாப் பதவிக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாகிபுக்குப் பின்னால் புதுச்சேரியில் டூப்ளே. முகம்மது அலிக்குப் பின்னால் ஆங்கிலேயர். இந்த முகம்மது அலி நமக்கு அந்நியர் இல்லை. பின்னால் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டியவர் அவர்தான். வாலாஜா சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த ஆண்டு செப்டம்பரில் தோற்று ஓடிய அவருடைய படை செஞ்சியில் போய் ஒதுங்கியது. மூன்று மலை, அவற்றை இணைத்து ஏறத்தாழ பதின்மூன்று கிலோமீட்டர் மதில், அகழி. உள்ளே போய்விட்டால் கவலையில்லை என்று நினைத்தார்கள்.

டூப்ளே அனுப்பிய தளபதி புஸ்ஸி. புதுச்சேரியில் புஸ்ஸி வீதியில் நடந்திருப்பீர்கள், அந்தப் புஸ்ஸி. முதலில் மதிலுக்கு வெளியே நின்ற படையைச் சிதறடித்தார். பொழுது சாய்ந்ததும் கீழ்க்கோட்டையின் வாசல் கதவில் வெடி வைத்துத் தகர்த்து உள்ளே நுழைந்தார். மேலேயிருந்து மூன்று மலைகளும் சுட்டுக்கொண்டிருந்தன. இருட்டிலேயே படையை மூன்றாகப் பிரித்து மூன்று மலைகளிலும் ஒரே நேரத்தில் ஏறச் சொன்னார். விடியும்போது மூன்றும் பிரெஞ்சுக்காரர் கையில். காலை வெளிச்சத்தில் தாங்கள் ஏறிவந்த பாறையைத் திரும்பிப் பார்த்து அவர்களே திகைத்துப் போனார்களாம். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில், ஆழமான ஒரு பிளவைக் கடக்கும் பாலத்தில் நிற்கும்போது உங்களுக்கும் அதே திகைப்பு வரும். நாலு பேர் கல்லை உருட்டினாலே போதும், ஒரு படையை நிறுத்திவிடலாம். ஆனால் அந்த நாலு பேருக்கு அன்று மனசு இல்லை. தோற்று ஓடிவந்த படை, சம்பளம் எப்போது வரும் என்று தெரியாத சிப்பாய்கள், இருட்டு, வெடிச்சத்தம்.

மாவீரச் செயல் என்று ஐரோப்பாவில் கொண்டாடினார்கள். இரண்டு வருடம் கழித்து ஆங்கிலேயர் அதே கோட்டையைப் பிடிக்க வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இவ்வளவும் போர்க்கதை. இனிமேல் வருவதுதான் எனக்கு முக்கியம்.

ராபர்ட் ஆர்ம் என்று ஒருவர் இருந்தார். மதராஸ் கவுன்சிலில் உட்கார்ந்தவர், அந்தப் போர்களின் வரலாற்றை எழுதியவர். செஞ்சியைப் பற்றி அவர் போகிற போக்கில் ஒரு கணக்குச் சொல்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே ஒரு நேரத்தில் நூறு ஐரோப்பியருக்கு மேல் வைத்ததில்லை, கடைசிக் காலம் வரை. ஆனால் பத்து ஆண்டில் அங்கே இறந்த ஐரோப்பியர் 1200 பேர். அதாவது நூறு பேர் இருந்த இடத்தை ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் முழுதாக நிரப்ப வேண்டியிருந்தது. இவர்களைக் கொன்றது பீரங்கி இல்லை. காற்று கெட்டது என்று ஆர்ம் எழுதுகிறார். கர்நாடகத்திலேயே உடம்புக்கு ஆகாத இடம் என்று அப்போது செஞ்சிக்குப் பெயர்.

கெட்ட காற்று என்றால் என்ன? மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். கொசுதான் காரணம் என்று ரொனால்ட் ராஸ் செகந்தராபாதில் கண்டுபிடித்தது 1897இல். செஞ்சிப் படைவீரர்கள் செத்து நூற்று முப்பது, நூற்று நாற்பது வருடம் கழித்து. அவர்களுக்கு வந்தது மலேரியாதான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், குளிர்காய்ச்சல் எத்தனையோ வகை. ஆனால் அந்த இடத்தைப் பார்த்தால் சந்தேகம் அந்தப் பக்கம்தான் போகிறது. ஏனென்றால் செஞ்சி முழுக்கத் தண்ணீர்.

இதை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். நம் குடியிருப்பில் மே மாதம் டேங்கர் லாரிக்கு யார் போன் செய்வது என்று சண்டை போடும் நமக்கு, ஏறத்தாழ 800 அடி உயரப் பாறை மேலே வற்றாத சுனை இருப்பது கோபத்தைக் கூடக் கிளப்பலாம். பாறைச் சரிவில் விழும் மழையைத் தேக்கி வைக்கும் குளங்கள் மேலே. கீழே சக்கரகுளம், செட்டிகுளம், யானைக்குளம், அகழி. கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். அடுக்கடுக்காக உயரும் அந்தக் கோபுரத்தின் மேல் அடுக்கு வரைக்கும் மண்குழாய் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. மோட்டார் கிடையாது. குளம் உயரத்தில், கட்டடம் தாழ்வில், அவ்வளவுதான் சூத்திரம். எட்டு ஆண்டு முற்றுகையை ராஜாராம் தாங்கியதற்கு மதில் பாதிக் காரணம் என்றால் மீதிப் பாதி இந்தத் தண்ணீர்.

அதே தண்ணீர், கவனிக்க ஆளில்லாமல் தேங்கி நின்றால்? நாயக்கர் காலத்தில் குளங்களைத் தூர்வார ஊர் இருந்தது, விவசாயம் இருந்தது, கோயில் இருந்தது. பிரெஞ்சுக்காலத்தில் அது ஒரு படைமுகாம். ஊர் கலைந்துபோன கோட்டையில் குளம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாநகராட்சி ஊழியர் வந்து மேல்தொட்டி மூடியைத் திறந்து காட்டச் சொல்லும்போது முகம் சுளிப்பவர்கள் அந்த 1200 பேரை நினைத்துக்கொள்ளலாம். (சிரிப்பு)

இன்னொன்று. 1200 என்பது ஐரோப்பியர் கணக்கு. அந்த நூறு பேரோடு அதே மலைகளில் காவல் நின்ற நம் ஊர்ச் சிப்பாய்கள், பீரங்கி இழுத்தவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், சமைத்தவர்கள் எத்தனை பேர் இறந்தார்கள் என்று ஆர்ம் எண்ணவில்லை. உள்ளூர் ஆட்களுக்கு அந்தக் காய்ச்சல் வராது என்று யாராவது நினைத்தால் அதற்கும் பதில் அவரிடமே இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

இது செஞ்சிக்கு மட்டும் வாய்த்த விதி இல்லை. உலகத்தின் மறுகோடியில், கரீபியன் கடலில் செயின்ட் கிட்ஸ் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. கரும்புத் தோட்டங்களால் பணம் கொழித்த தீவு. அங்கே பிரிம்ஸ்டோன் மலை என்று ஒரு கோட்டை. அதுவும் ஏறத்தாழ 800 அடி. அதுவும் உலகப் பாரம்பரியச் சின்னம், 1999இலிருந்து. ஆங்கிலேயர் அங்கே முதல் பீரங்கியை மேலே ஏற்றியது 1690இல், தேவனாம்பட்டினத்தில் குண்டு போட்டு நிலம் அளந்த அதே வருடம். கல் உடைத்து, சுமந்து, நூறு வருடம் அந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். சுற்றுலாக் கையேடுகள் இப்போது அதை மறைக்காமல் சொல்கின்றன, அது நல்ல விஷயம். அங்கும் மழைநீரைத் தேக்கித்தான் குடித்தார்கள். கரீபியன் தீவுகளுக்கு அனுப்பப்பட்ட படைவீரர்களில் போரில் செத்தவர்களை விட மஞ்சள் காய்ச்சலில் செத்தவர்கள் அதிகம். அதையும் பரப்புவது கொசுதான்.

1782இல் பிரெஞ்சுப் படை அந்த மலையை ஒரு மாதம் முற்றுகையிட்டது. ஆங்கிலேயருக்குச் சேர வேண்டிய பெரிய பீரங்கிகளும் குண்டுகளும் மேலே ஏற்றப்படாமல் மலையடிவாரத்திலேயே கிடந்தன. ஏற்றிக்கொடுக்க உள்ளூர் தோட்ட முதலாளிகள் ஆள் தரவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் அவற்றையே எடுத்து மேல்நோக்கிச் சுட்டார்கள். பிப்ரவரி நடுவில் கோட்டை சரணடைந்தது. அதே வாரத்தில் இதே இரண்டு நாடுகளின் கப்பல்கள் நம் சதுரங்கப்பட்டினக் கடலில் மோதிக்கொண்டன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் தாண்டும்போது வரும் அதே சதுரங்கப்பட்டினம். ஒரே சண்டைதான், இரண்டு கடலில். கரும்புக்காக அங்கே, துணிக்காக இங்கே.

செஞ்சிக்குத் திரும்புவோம். 1761 ஜனவரி. புதுச்சேரி மாதக்கணக்கில் முற்றுகையில் பட்டினி கிடந்தது. டூப்ளேயின் துபாஷாக இருந்து கால் நூற்றாண்டு நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை ஜனவரி 12இல் கண்மூடினார். அந்த வாரமே நகரம் விழுந்தது. மிஞ்சியது செஞ்சி போன்ற ஓரிரு மலைகள். ஆங்கிலேயக் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் வந்து, கோட்டையை ஒப்படைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். உள்ளே தளபதி மக்கிரெகர், பெயரே சொல்கிறது, பிரெஞ்சுக் கொடியின் கீழ் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். லட்சம் பேரைக் கொண்டுவந்தாலும் மூன்று வருடத்தில் பிடிக்க முடியாது என்று பதில் அனுப்பினார்.

அவர் பொய் சொல்லவில்லை. இரவில் ஏணி வைத்துக் கீழ்க்கோட்டையைப் பிடித்தார்கள், பிறகு ஒரு மலை, பிறகு இன்னொன்று. ராஜகிரியை மட்டும் தொட முடியவில்லை. ஆனால் எதற்காகப் பிடித்துக்கொண்டிருப்பது? புதுச்சேரியே இல்லை, உதவிக்கு வர கப்பலும் இல்லை. ஏப்ரல் 5 அன்று மரியாதையோடு வெளியேற அனுமதி கேட்டு மக்கிரெகர் ஆள் அனுப்பினார். ஸ்மித் உடனே ஒத்துக்கொண்டார். ஏன் தெரியுமா? பிடித்த ஊரிலும் மலையிலும் நிறுத்தி வைத்திருந்த அவருடைய சிப்பாய்களில் 300 பேர் இரண்டே மாதத்தில் காய்ச்சலில் போயிருந்தார்கள். முன்பு சொன்ன பதில் இதுதான். இவர்கள் இந்த மண்ணின் ஆட்கள். அந்த 300 பேரில் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை.

அன்றைக்குச் சோழமண்டலக் கரையில் பிரெஞ்சுக் கொடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டு ஆண்டில் ஐரோப்பாவில் சமாதானம் ஆகி புதுச்சேரி திருப்பித் தரப்பட்டது, செஞ்சி திரும்பவில்லை.

ஆனால் செஞ்சியின் ஒரு துண்டு புதுச்சேரியில் நிற்கிறது. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி உயரமான கருங்கல் தூண்கள் இருக்கின்றனவே, நாம் போகும்போதெல்லாம் செல்ஃபி எடுக்கும் இடம், அவை செஞ்சியிலிருந்து கொண்டுபோகப்பட்டவை. கீழ்க்கோட்டையில் புதுச்சேரி வாசலுக்கு அருகே வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டு நாயக்கர் கட்டியது, செஞ்சியிலேயே பெரிய கோயில். உள்ளே நடந்தால் சில இடங்களில் வெறுமை தெரியும். கோபுரத்தின் அடியில் பாற்கடல் கடையும் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, அந்த வெறுமையையும் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த முறை பாண்டி கடற்கரையில் நிற்கும்போது தூண் வேறு மாதிரி தெரியும்.

இப்போது பலரும் என்னைத் தனியாகக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "எங்களால் ஏற முடியுமா?" முழங்கால் வலி உள்ளவர்கள் ராஜகிரியை விட்டுவிடுங்கள். நான் இதுவரை சொன்னதில் முக்கால்வாசி கீழேயே இருக்கிறது. கல்யாண மகால், களஞ்சியம், குதிரை லாயம், சக்கரகுளம், செட்டிகுளம், சாதத்துல்லா கான் மசூதி, வேங்கடரமணர் கோயில், மதில். மூன்று மணி நேரம் நிதானமாக நடக்கலாம், மரநிழல் உண்டு. மேலே போனவர்கள் கீழே வந்து பெருமை பேசுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏற முடிந்தவர்கள் உச்சியில் ரங்கநாதர் கோயிலையும், 7560 என்று எண் பொறித்த பெரிய பீரங்கியையும் பார்க்கலாம். அதை எப்படித்தான் மேலே ஏற்றினார்களோ என்று நின்று யோசியுங்கள். இழுத்தவர்களின் தோள்தான் என்பதைத் தவிர எனக்கு விடை தோன்றவில்லை. நேரமும் தெம்பும் மிஞ்சினால் சாலைக்கு எதிர்ப்புறம் கிருஷ்ணகிரி, ஏற்றம் குறைவு.

காலையில் ஐந்தரைக்குப் பேருந்து சங்க அலுவலக வாசலில் நிற்கும். தாம்பரம் வழியாகத் திண்டிவனம், அங்கிருந்து திருவண்ணாமலை சாலையில் சுமார் முப்பது கிலோமீட்டர். ஒன்பதுக்குள் ஏறத் தொடங்கிவிட வேண்டும், பாறை சுட ஆரம்பித்தால் ஜனவரியிலும் தாங்காது. பிற்பகலில் மேலே ஏற விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள செருப்பு. மேலே கழிப்பறை கிடையாது, நுழைவாயில் பக்கமே போய்விட்டு வருவது நல்லது. பிளாஸ்டிக் பையில் தின்பண்டம் கொண்டுபோக வேண்டாம். அங்குள்ள குரங்குகளுக்கு எந்தப் பையில் முறுக்கு இருக்கிறது என்று நம்மை விட நன்றாகத் தெரியும். குளங்களில் இறங்க வேண்டாம், குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொசு விரட்டும் களிம்பு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கான காரணத்தை ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

பெயர் கொடுக்காதவர்கள் வரும் வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.